பாடப்புத்தகத்துக்கு லீவு

கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் என்ன படிக்கிறார்கள்? பெங்களூரிலும் அதைச் சுற்றியும் இந்தக் கேள்விக்கு நூறு வருடக் கதை இருக்கிறது. படிக்கும் நேரம்தான் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது.

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் கர்நாடகத்துப் பள்ளிக்கூடங்கள் மூடுகின்றன. அதற்கு நாலைந்து நாள் கழித்து பெங்களூர் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் ஒரு புதிய கூட்டத்தைப் பார்க்கலாம். வாரக்கடைசியில் வந்து காபி குடித்துவிட்டுப் போகும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள் அல்ல இவர்கள். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுகிறார்கள். தோளில் துணிப்பை. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். அடுத்து எழுத்தின் பருமன். அதற்குப் பிறகுதான் யார் எழுதியது என்பது. பின்னால் யாராவது உரக்கப் பேசினால் தன்னையறியாமல் திரும்பி ஒரு பார்வை. அந்தப் பார்வையை வைத்தே சொல்லிவிடலாம், வாத்தியார்!

பத்து மாதமாகப் பாடக்குறிப்பு, வருகைப் பதிவேடு, விடைத்தாள் என்று ஓடியவர்களுக்கு வருடத்தில் ஒரு முறை வரும் காலம் இது. மே மாதக் கடைசி வரை ஏறக்குறைய ஏழு வாரம். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. யாரிடமும் கேள்வி கேட்க வேண்டியதும் இல்லை. துப்பறியும் கதையோ தல புராணமோ, டால்ஸ்டாயோ தோட்டக்கலையோ, அவரவர் இஷ்டம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பொறாமைப்பட வேண்டிய சொகுசு. 'உங்களுக்கென்ன சார், ரெண்டு மாசம் சம்பளத்தோட லீவு' என்ற பேச்சைக் கேட்காத ஆசிரியர் இந்தியாவில் இருக்க முடியாது.

ஆனால் ஆசிரியர்கள் ஓய்வு நேரத்தில் சும்மா படித்தது எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. பாடத்திட்டத்தில் இல்லாத, யாரும் படிக்கச் சொல்லாத புத்தகம் ஒன்று வாத்தியார் வீட்டு மேஜைக்கு வந்ததால் மட்டுமே உண்டான நூல்கள் தென்னிந்தியாவில் நிறைய. அதற்கு மைசூரையும் பெங்களூரையும் விட நல்ல சாட்சிகள் கிடைப்பது கஷ்டம்.

மல்குடியிலிருந்தே தொடங்கலாம். ஆர்.வி. கிருஷ்ணசாமி ஐயர் மைசூர் சமஸ்தானத்துக் கல்வித் துறையில் தலைமையாசிரியர். தமிழர். ஹாசன், சென்னபட்டணம் என்று மாற்றலாகிக் கடைசியில் மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். கண்டிப்புக்குப் பேர் போனவர். பள்ளியின் வாசக சாலைக்கு இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பத்திரிகைகள் வரும். அவை வாரக்கடைசியில் வாசக சாலைக்குப் போகாமல் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போகும். பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஒரே நிபந்தனை: கசங்காமல் அப்பாவின் மேஜைக்குத் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலை அவை வாசக சாலையில் இருந்தாக வேண்டுமே! அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரான ஆர்.கே. நாராயண், 'மை டேஸ்' என்ற தன் நினைவு நூலில் இதை ருசித்து எழுதியிருக்கிறார். விளம்பரப் பக்கங்களைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லையாம்.

அதே நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றுப்போனார். தலைமையாசிரியர் மகன் ஃபெயில் என்றால் 1920-களின் மைசூர் அக்ரகாரங்களில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிப்பது சிரமமில்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்தார். அந்த வருடம் முழுக்க ஸ்காட், டிக்கன்ஸ், ரைடர் ஹாகார்ட், மேரி கொரெல்லி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் படித்துத் தீர்த்தார். வரிசை கிடையாது, தரம் பிரிப்பதும் கிடையாது. எந்தப் பாடத்திட்டக் குழுவும் ஒப்புக்கொள்ளாத கலவை. பிறகு ஒரு வழியாக 1930-ல் பி.ஏ. தேறினார். அந்த வருடம் செப்டம்பரில் பெங்களூரில் பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நாவலின் முதல் வரியை எழுதினார். மல்குடி ரயில் நிலையம் பிறந்தது அன்றைக்குத்தான். 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' அச்சில் வந்தது 1935-ல்.

அந்த நாவலில் கோடை விடுமுறை வருகிறது. லீவு நாளும் அதுவுமாக அப்பா, சாமியைப் பிடித்து உட்காரவைத்து மாம்பழக் கணக்குப் போடச் சொல்வார். சாமிக்கோ கணக்கை விட மாம்பழம் பழுத்திருந்ததா என்பதுதான் கவலை. பள்ளிப் பத்திரிகைகளைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகத் திறந்துவிட்ட ஒருவருடைய மகன், இப்படி ஓர் அப்பாவை எழுதிவைத்தது வேடிக்கைதான். நாராயணே சிறிது காலம் வாத்தியாராக இருந்தார் என்பது இன்னும் வேடிக்கை. அப்பா முன்பு வேலை பார்த்த சென்னபட்டணத்தில் அரசுப் பள்ளி வேலை. டிரில் மாஸ்டர் வராத நாளில் அவருக்குப் பதிலாகப் போகச் சொன்னதும் வேலையை உதறிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார். கல்வித் துறைக்கு நஷ்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மைசூரில் இன்னொரு வாத்தியார் வீடு. இதுவும் தமிழ் பேசும் வீடு. தந்தை பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வான சாஸ்திரமும் பார்ப்பார், ஜோதிடமும் பார்ப்பார். மாடியில் அவருடைய புத்தகங்கள். மாடியில் ஆங்கிலம், கீழே சமையலறைப் பக்கம் தமிழ், தெருவில் இறங்கினால் கன்னடம். அங்கே 1929-ல் பிறந்தவர் ஏ.கே. ராமானுஜன். அவரும் ஆங்கில ஆசிரியரானார். பெல்காம் உட்படப் பல ஊர்களில் பாடம் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1962-ல் ஒரு சனிக்கிழமை. பழந்தமிழுக்கு எளிய இலக்கணப் புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டு பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குப் போகிறார். வீட்டில் தமிழ் பேசியவர். மொழியியலில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவர். ஆனால் சங்கத் தமிழைக் கற்றதில்லை. இலக்கணம் தேடப் போனவர் கையில் அகப்பட்டது உ.வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை. உரையோடு கூடிய அந்தப் பதிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவதுபோல் தொடங்கினார். ஐந்து வருடம் கழித்து, 1967-ல், 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்ற சிறிய மொழிபெயர்ப்பு நூல் வந்தது. சங்க அகப்பாடல்கள் உலகத்துக் கவிதை வாசகர்களின் அலமாரிக்குப் போனது அதற்குப் பிறகுதான். இன்றைக்கும் வெளிநாட்டில் யாராவது குறிஞ்சி, நெய்தல் என்று பேசினால், பெரும்பாலும் அவர் அந்தப் புத்தகத்தின் வழியாக வந்தவராகத்தான் இருப்பார்.

சிகாகோ நிலவறையில் கிடந்த அந்தப் பதிப்பின் கதையைப் பின்னால் துரத்திக்கொண்டு போனால் அங்கேயும் ஒரு வாத்தியாரும் ஒரு விடுமுறையும் இருப்பது ஆச்சரியம். சாமிநாதையர் 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அந்த வருடம் அக்டோபர் 21-ம் தேதி, ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இளம் பண்டிதர் பெருமையோடு அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று திருப்பிக் கேட்டார். படித்ததில்லை. கற்பிக்கிறவர் கற்காத பெரிய உலகம் ஒன்று இருக்கிறது என்று ஒரு வக்கீல் வட்டாரத்து மனிதர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. இவ்வளவும் வேலையை விட்டுவிட்டுச் செய்ததல்ல. கல்லூரி நடக்கும்போது வகுப்பு; கல்லூரி மூடினால் ஏடு தேடிப் பயணம். மடங்கள், கவிராயர் வீடுகள், பரண்கள். விடுமுறை முடிவதற்குள் கும்பகோணம் திரும்பியாக வேண்டும் என்ற அவசரம் அவர் சுயசரிதையின் பல பக்கங்களில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோடை லீவு என்ற ஏற்பாடு மட்டும் இல்லாமல் போயிருந்தால் கரையானுக்கு இன்னும் கொஞ்சம் தீனி கிடைத்திருக்கும்.

மீண்டும் பெங்களூர். சென்ட்ரல் கல்லூரியில் கன்னடம் கற்பித்தவர் ஏ.ஆர். கிருஷ்ண சாஸ்திரி. பழைய கன்னடமும் சம்ஸ்கிருதமும்தான் அவருடைய தொழில். ஆனால் 1961-ல் அவருக்கு சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது, வங்காள நாவலாசிரியர் பங்கிம் சந்திரரைப் பற்றிய புத்தகத்துக்கு. எந்தக் கன்னட வாத்தியாருக்கும் பங்கிம் சந்திரர் பாடமில்லை. மகாபாரதத்தை எளிய வசனத்தில் அவர் சொன்ன 'வசன பாரத' இன்றும் கன்னட வீடுகளில் புரளும் புத்தகம்.

தமிழுக்கும் பெங்களூரில் இப்படி ஓர் ஆள் உண்டு. தமிழவன் என்ற பெயரில் எழுதும் எஸ். கார்லோஸ் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். தமிழ் எம்.ஏ. பாடத்தில் தொல்காப்பியம் இருக்கும், நன்னூல் இருக்கும். பிரெஞ்சு அமைப்பியல்வாதிகள் இருக்கமாட்டார்கள். அவர் அவர்களைத்தான் உட்கார்ந்து படித்தார். 1982-ல் 'ஸ்ட்ரக்சுரலிசம்' என்று தமிழில் ஒரு தடித்த புத்தகம் வந்தது. புரிந்தவர்கள் சண்டை போட்டார்கள். புரியாதவர்கள் அதைவிட அதிகமாகச் சண்டை போட்டார்கள். தமிழ்ச் சிற்றிதழ்களின் பேச்சே அடுத்த பத்து வருடத்துக்கு மாறிப்போனது. பெங்களூரிலிருந்து வந்த 'படிகள்' இதழுக்கு அதில் பெரிய பங்கு. சென்னையில் இருந்திருந்தால் இதைச் செய்திருப்பாரா என்பது சந்தேகம்தான். கன்னட நவீன இலக்கியக்காரர்களின் சகவாசமும், பக்கத்தில் யாரும் தமிழ்ப் பண்டித மேற்பார்வை செய்யாத சௌகரியமும் பெங்களூர் கொடுத்த வரங்கள்.

படிக்க நேரம் வேண்டும், சரி. படிக்கப் புத்தகம் வேண்டாமா? வாத்தியார் சம்பளத்தில் எவ்வளவுதான் வாங்க முடியும்? இந்தப் பிரச்னைக்கு விடை தேடுவதிலேயே ஆயுளைச் செலவிட்ட ஒரு கணக்கு வாத்தியார் தன் கடைசிப் பதினைந்து வருடத்தைக் கழித்தது இதே பெங்களூரில்தான். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் கற்பித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். ஆகிவிட்டுப் பட்ட பாடு சுவையானது. வகுப்பறையின் சத்தத்துக்குப் பழகியவருக்கு ஆளரவமற்ற நூலகம் பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய கல்லூரி முதல்வரிடம் ஓடி, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். முதலில் லண்டன் போய் நூலகப் படிப்பை முடித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். போனவர், வாசகர்கள் நிரம்பி வழியும் நூலகங்களை அங்கே பார்த்தார். திரும்பி வந்தபின் வகுப்பறைப் பேச்சையே எடுக்கவில்லை.

1931-ல் அவர் எழுதிய 'ஐந்து விதிகள்' உலகம் முழுக்க நூலகப் பள்ளிகளில் பாடம். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல என்பதில் தொடங்கி, வாசகரின் நேரத்தை வீணடிக்காதே என்பது வரை எல்லாமே ஓர் ஆசிரியரின் எரிச்சலில் பிறந்தவை போலவே இருக்கின்றன. ஒரு புத்தகத்துக்காக மூன்று முறை நடந்து, மூன்று முறையும் 'அது உள்ளே போயிருக்கு சார்' என்ற பதிலோடு திரும்பிய அனுபவம் இல்லாதவருக்கு அந்த நாலாவது விதி தோன்றியிருக்காது என்பது என் ஊகம். 1957-ல் பெங்களூருக்குக் குடிவந்தார். 1962-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணத் துறை ஆராய்ச்சி மையத்தை இங்கே தொடங்கினார். 1972-ல் இங்கேயே காலமானார். அடுத்தவர்கள் ஓய்வாகப் படிக்க ஏற்பாடு செய்த இந்த மனிதர் தான் மட்டும் லீவு எடுக்கமாட்டார். கல்யாணத்தன்றுகூடப் பிற்பகலில் நூலகத்துக்கு வந்துவிட்டார் என்பது நூலகத் துறையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதை.

பெங்களூர் ஆசிரியர்களின் கோடைக்கு இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று கப்பன் பூங்காவுக்குள் இருக்கும் சிவப்புக் கட்டடம், சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். மைசூர் திவானாக 18 வருடம் இருந்த, பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழரின் பெயரில் 1915-ல் எழுந்தது. நூறு வருடத்துக்கு மேலாகப் பொது நூலகம் அங்கேதான் நடக்கிறது. கர்நாடகத்தில் சொத்து வரியோடு 6 சதவீதம் நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். வீடு வைத்திருக்கும் ஒவ்வொரு வாத்தியாரும் இதற்குப் பணம் கட்டுபவர்தான். ஆனால் மேஜைகளில் இப்போது பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். நாவல் படிக்க வந்த ஆசிரியர் அவர்கள் மத்தியில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் உட்கார வேண்டியிருக்கிறது.

இன்னொன்று கடைகள். 1945-ல் கே.பி.கே. ராவ் தொடங்கிய செலக்ட் புத்தகக் கடை பழைய புத்தகங்களுக்குப் பேர் பெற்றது. சர்ச் தெரு முனையில் டி.எஸ். ஷான்பாக் நடத்திய பிரீமியர் கடையில் புத்தகங்கள் தரையிலிருந்து கூரை வரை தூண் தூணாக நிற்கும். அடியில் இருப்பதை உருவினால் நகரமே சரிந்துவிடும் போலிருக்கும். எது எங்கே என்று அவருக்கு மட்டும் தெரியும். யார் நிஜமாகப் படிக்கிறவர் என்பதும் தெரியும். கேட்காமலே தள்ளுபடி போடுவார். 2009-ல் கடையை மூடினார். 2021-ல் கொரோனாவுக்குப் பலியானார். இப்போது அந்த வட்டாரத்தில் பிளாசம், புக்வார்ம் போன்ற கடைகள் பழையதும் புதியதுமாகக் குவித்து வைத்திருக்கின்றன. வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு வேறு புத்தகம் எடுக்கலாம். துணிப்பைக்காரர்களுக்கு இது பெரிய உபகாரம்.

தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்கள் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் போகவேண்டும். 1950-ல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அங்கே நூலகம் வைத்திருக்கிறது. அதே அல்சூரில்தான் திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடிக்கிடந்து 2009-ல் திறக்கப்பட்டது. 2022 டிசம்பரிலிருந்து தமிழ்ப் புத்தகத் திருவிழா என்ற ஒன்றும் பெங்களூருக்கு வந்தது. டிசம்பரில் வாங்கி ஏப்ரலுக்காகக் காத்திருக்கலாம். ஊறுகாய் போல.

ஊறுகாய் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியப் பள்ளி ஆசிரியர்களில் இப்போது பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்கு மே மாதம் என்பது மாவடு, வடகம், வீட்டில் இருக்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் நாத்தனார் குடும்பம், மாமியாரின் கண் ஆபரேஷன். வருடம் முழுக்க 'லீவில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்ட அத்தனையும் அந்த ஏழு வாரத்தில் வந்து இறங்கும். பெங்களூரில் இன்னொரு தொல்லை: வடகம் காயப் போட்டால் நாலு மணிக்கு மழை வந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு வீடு தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் அவர்கள் படிக்கும் நேரம். வகுப்பில் நாற்பது பேரை அடக்கி வைக்கிறவர், வீட்டில் ஒரு நாவலின் அத்தியாயத்தை முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து போகிறார். நாராயண் வீட்டிலும் ராமானுஜன் வீட்டிலும் அப்பாக்களின் அலமாரிகளைப் பற்றித்தான் நமக்குக் கதை கிடைத்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

தனியார் பள்ளிகளின் கதை தனி. கோடை மாதங்களுக்குச் சம்பளமே கொடுக்காத பள்ளிகள் உண்டு. அங்கே வேலை செய்கிறவர் ஏப்ரலில் டியூஷன் தேடுவாரா, டிக்கன்ஸ் தேடுவாரா?

அரசு ஆசிரியருக்கு லீவு இருக்கிறது. ஆனால் அது அவருடையதாக இருப்பதில்லை. ஏப்ரலில் எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாள் திருத்தும் முகாம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணி. தேர்தலும் கோடையில்தான் வருகிறது. 2023-ல் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு மே 10. 2024-ல் மக்களவைக்கு பெங்களூரில் ஏப்ரல் 26, வட கர்நாடகத்தில் மே 7. பயிற்சி வகுப்பு, பெட்டி வாங்கும் நாள், பெட்டி ஒப்படைக்கும் இரவு என்று ஒரு வாக்குப்பதிவு ஒரு வாரத்தைச் சாப்பிட்டுவிடும். அந்த ஏப்ரலில் பெங்களூரில் வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. தண்ணீர்ப் பஞ்சம் வேறு. அதே வருடம் எஸ்.எஸ்.எல்.சி.க்கு மூன்று தேர்வு என்ற புதிய முறை வந்தது. முதல் தேர்வில் தோற்ற மாணவர்களுக்கு லீவிலேயே சிறப்பு வகுப்பு எடுக்க வேண்டும் என்றபோது ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். மாணவனைக் கைவிடுகிறார்கள் என்ற வசவும் கூடவே கிடைத்தது. தோற்ற பையனுக்கு யாராவது உதவத்தான் வேண்டும். அந்த யாராவது ஒவ்வொரு முறையும் அதே ஆள்தானா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர்களைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிறது. கூடவே மூன்று விதிவிலக்கு: பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். இது போதாதென்று செல்போன். துறையின் வாட்ஸ்அப் குழுவுக்குக் கோடை விடுமுறை கிடையாது. மதியம் படித்துக்கொண்டிருக்கும்போது 'இன்று மாலைக்குள் விவரம் அனுப்பவும்' என்று செய்தி வரும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. கோடை விடுமுறை உள்ள துறை என்பதாலேயே ஆசிரியர்களுக்கு மற்ற அரசு ஊழியர்களைப்போல முழு ஈட்டிய விடுப்பு கிடையாது. அந்த விடுப்புக்கு ஈடாகக் கிடைத்ததுதான் இந்தக் கோடை. அதையும் துண்டு துண்டாகத் திருப்பி எடுத்துக்கொண்டால் கணக்கு எப்படிச் சரியாகும்?

படிக்காத ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து வழிகாட்டி தவிர வேறு அச்செழுத்தைத் தொடாதவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஏழு வாரம் கொடுத்தாலும் அவர்கள் டி.வி.தான் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே, அதுவும் லீவுதான். சங்கடம் மற்றவர்களுக்கு. உடம்பு அலுப்பும் குறுக்கீடும் சேர்ந்தால் பெரிய புத்தகத்தைத் தொடவே பயம் வந்துவிடும். ஐநூறு பக்க நாவலுக்கு உதிரி நாட்கள் போதாது. தொடர்ச்சியாகப் பத்து நாள் வேண்டும். சாமிநாதையருக்குத் திருநெல்வேலிச் சீமைக்குப் போய்வர எப்படித் தொடர்ச்சியான நாட்கள் தேவைப்பட்டனவோ அப்படி. இதைக் கேள்விப்பட்டு, 'ஆசிரியர் கோடை வாசிப்புத் திட்டம்' என்று ஒன்றை அறிவித்து, படித்த பக்கங்களை ஆப்பில் பதிவேற்றச் சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

மே கடைசி வாரத்தில் சர்ச் தெருவில் மறுபடியும் அந்தத் துணிப்பைகள் தென்படும். குல்மொஹர் உதிர்ந்து நடைபாதை சிவந்திருக்கும். படித்து முடித்த புத்தகங்களைக் கவுன்ட்டரில் அடுக்கி, கடைக்காரர் போடும் கணக்கைத் தாங்களும் மனசுக்குள் ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள். பாதியில் நின்றதைக் கொடுக்கமாட்டார்கள். அது தசரா லீவுக்கு என்று பைக்குள் திரும்பிப்போகும்.

2025-ல் அப்படி எடுத்து வைத்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்த வருடம் தசரா விடுமுறையில் கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 60 கேள்விகள் கொண்ட சமூக, கல்விக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் படியேறிக்கொண்டிருந்தார்கள். குறித்த நாளில் முடியாமல் அக்டோபர் 18 வரை பள்ளிகளுக்கு லீவை நீட்டினார்கள், அவர்கள் இன்னும் சில வீடுகள் ஏறுவதற்காக.